வந்துச்சா என்று கேட்டவர்

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், சவப்பெட்டியைத் தூக்க வந்த ஆட்களை ஒரு பொம்பளை மறித்து நின்றாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவள் குடித்திருந்தாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சுத்தப் பொய். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தவருடைய மூத்த மகள் கலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். வர அனுமதி கிடைக்கவில்லை. அப்பாவின் முகத்தையும், தன் பங்கு வாய்க்கரிசி அவர் வாயில் விழுவதையும் அவள் அங்கிருந்தே பார்க்க வேண்டும். பார்த்தாள் என்று தெரியும்வரை பெட்டி நகரக்கூடாது. சண்டை இதுக்குத்தான். ஆனால் அந்தப் பொம்பளையைத் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். தெரிந்தவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

பதுளை டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். மலை உச்சிகளில் டிஷ் பொருத்தி, தொழிலாளர் குடியிருக்கிற தோட்டத்து லயங்களுக்கும், எல்ல என்கிற ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களுக்கும் இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பனி. பெட்டியை மறித்தவரும் நானும் அங்கே கிட்டத்தட்ட ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட. அதை வைத்தே என்னைத் தம்பியாக்கிவிட்டார், நானும் அக்கா என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். டவரில் ஏறுவது என் வேலை. கீழே நின்று லைன் பார்ப்பது அவர் வேலை. ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள், வேறென்ன செய்வார்.

நாற்காலியில் முதுகு சாய்ந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் உட்காருவார், ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், செருப்பு தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசையில் இருக்கிற எனக்குத் தலைவலி வந்துவிடும். போனில் அவர் பேசுவது அதைவிட மோசம். ஹலோ என்ற பேச்சே கிடையாது.

"நான்தான் பேசுறேன். தம்பிக்குத்தான். மூணு விசயம். மொதலாவது, கொஸ்லந்த லைன் விழுந்திருச்சு. ரெண்டாவது, ஏணி வேன்ல இல்ல. மூணாவது, நீங்க சாப்பிட்டுட்டு வாங்க. மூணும் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"ரெண்டாவது என்ன, சொல்லுங்க பாப்போம்."

நான் உளறினால் முதலாவதையும் மூன்றாவதையும் விட்டுவிடுவார். ரெண்டாவதை மட்டும் திரும்பச் சொல்வார். அப்புறமும் ஒரு "வந்துச்சா" உண்டு.

இது வேலையிலிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி. இன்டர்நெட்டில் எதுவும் முழுசாகப் போவதில்லை. ஒரு படத்தை அனுப்பினால் அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத்தான் போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். பாக்கெட்டின் முன்பக்கம் ஹெடர். யார் அனுப்பியது, யாருக்கு, வரிசையில் இது எந்த இடம், இன்னும் எத்தனை கை மாறலாம், வழியில் கெட்டுப்போயிருந்தால் கண்டுபிடிக்க ஒரு கூட்டுத்தொகை, எல்லாம் அதில் இருக்கும். சரக்கு அதற்குப் பின்னால். வழியில் உள்ள ரவுட்டர்கள் சரக்கைப் பிரிப்பதில்லை, ஹெடரைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடும். துண்டுகள் முன்னே பின்னே போய்ச் சேர்ந்தாலும் இலக்கம் பார்த்து அந்தப் பக்கம் அடுக்கிக்கொள்ளும். எது வந்தது என்று பதில் போடும், பதில் வராத துண்டை இந்தப் பக்கம் திரும்ப அனுப்பும். ஒரே துண்டு இரண்டு தடவை போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கம் ஒன்றைத் தள்ளிவிடும். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் இப்படியே பேசினவர் இவர் ஒருவர்தான். அந்த மனுஷன் பாவம், வீட்டுக்கு வெளியே கால் வைத்ததும் போனை அணைத்துவிடுவார்.

அணைத்தாலும் இவர் விடமாட்டார். ஒருமுறை போன் போடுவார். பதில் இல்லையென்றால் உடனே இன்னொருமுறை. பிறகு கொஞ்சம் விட்டு. பிறகு அதைப்போல இரண்டு மடங்கு விட்டு. பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறபோது இயந்திரமும் இப்படித்தான் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். இவர் யோசித்துச் செய்தாரா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த இடைவெளிகளில் அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய தண்டனை.

ஒருநாள் எல்லப் பக்கம் ஒரு ஹோட்டல் மேட்டில் டவர் வேலை. மேலே பிசாசுக் காற்று. கீழேயிருந்து அவர் கத்துகிறார், "தம்பி, சிக்னல் வந்துச்சா?" நான் "வந்துச்சு" என்று கத்தினேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் கத்தினேன். என் பதிலைக் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோனதோ, அவர் நிறுத்தவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி வந்து நல்லா நாலு கேட்க வேண்டும் என்றுதான் இறங்கினேன். பார்த்தால், தொண்டை கட்டிப்போய், டவர்க் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் எத்தன தடவக்கா சொன்னேன், வந்துச்சுன்னு."

"எனக்குக் கேக்கலியே. நான் கேட்டது மேல வரலியா, நீங்க சொன்னது கீழ வரலியா, கீழ நிக்கிறவளுக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டுக்கும் இங்க ஒரே அமைதிதான்."

அந்த நாளைக்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்வதை நான் குறைத்துக்கொண்டேன். முழுசாக நிறுத்தவில்லை.

தோட்டத்துக்கு ஒரே விலாசம் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எத்தனை லயம், எத்தனை குடும்பம் இருந்தாலும் கடிதம் வருவது தோட்டத்துப் பெரிய ஆபீசுக்கு. அங்கே யாராவது மனசு வைத்து, அந்தப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் யார் கையில் கிடைக்கிறதோ அவருடையது. நாங்கள் கொடுக்கிற இணைப்பும் ஏறக்குறைய அப்படித்தான். வெளி உலகத்துக்குத் தோட்டம் முழுக்க ஒரே விலாசம். உள்ளே எந்தக் காம்பராவில், அதாவது எந்த லயத்து அறையில், எந்தப் போனுக்கு என்று பிரிப்பது ஹெடரில் இருக்கிற போர்ட் இலக்கம்.

"நம்ம ரவுட்டர் யார் கேட்டான்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுச் சரியா கொண்டுபோய்க் குடுக்குது தம்பி. பெரிய ஆபீசுக்கு மட்டும் ஏன் அது முடியல?" என்று ஆற்றாமையோடு கேட்பார். கேட்பதோடு நிறுத்தவில்லை. வயர் இழுக்க வசதி என்று சொல்லி, அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற அந்தத் தோட்டத்து லயங்களில் ஒவ்வொரு காம்பராக் கதவிலும் பெயின்டால் இலக்கம் எழுதிவிட்டார். தோட்ட மேனேஜர் தொரை ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து கத்தினார், தோட்டத்துக் கதவில் எழுத உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று. "இது வயருக்கு சேர், ஆளுங்களுக்கு இல்ல," என்றார் அக்கா, முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு. கொஞ்ச நாளில் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் அந்த இலக்கத்தைப் போட்டுப் பார்சல் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கூரியர்ப் பையன் கதவைப் பார்த்தே கொடுத்துவிட்டுப் போனான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த லயங்களில் ஒன்றில்தான் கலாவின் அப்பா இருந்தார். எங்களுடைய ஒரு டிஷ்ஷை அவர் காம்பராக் கூரையில்தான் பொருத்தியிருந்தோம். மழை பலமானால் ஏறி அதன் மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவார். மூடினால் சிக்னல் போய்விடும் என்று எத்தனை தடவை சொன்னாலும், "நனையுதேப்பா, பாவம்" என்பார். சிக்னல் போனதும் கலா குவைத்திலிருந்து அக்காவைக் கூப்பிடுவாள். இவர் தோட்டத்துக்குப் போன் போட்டுச் சாக்கை எடுக்கச் சொல்வார். பிறகு கலாவிடம் "வந்துச்சா?" என்பார். "வந்துச்சுக்கா, அப்பா மூஞ்சி தெரியுது" என்று உடனே பதில் வரும். ஒரே ஒருமுறைகூட அந்தப் பிள்ளை பதில் போடாமல் இருந்ததில்லை. "ஆள்னா அப்பிடி இருக்கணும். நீங்களும் இருக்கீங்களே," என்று எனக்கு இடி விழும். நேரில் பார்க்காமலே இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டு.

வதந்தி என்றால் அவருக்கு ஆகாது. பாக்கெட்டின் ஹெடரில் ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு கை மாறும்போதும் ஒன்று குறையும், பூச்சியமானதும் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வழி தவறினதெல்லாம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே கிடக்கும். யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அக்கா கேட்பது, "இது எத்தன கை மாறி வந்துச்சு?" இரண்டுக்கு மேல் போனால் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அதனால் கலாவின் அப்பா செத்துப்போனார் என்று டீக்கடையில் டிரைவர் சொன்னதாகக் கடைக்காரர் சொன்னதை நான் வந்து சொன்னபோது, அவர் நம்பவில்லை. "சும்மா இருங்க தம்பி, முந்தாநாள்தான் சாக்க எடுத்தாரு," என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆனால் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது.

அப்போதுதான் குவைத்திலிருந்து நேராக எழுத்தில் வந்தது. அதை எனக்குக் காட்டினார்.

"அக்கா, நான் கலா. ஒங்களுக்குத்தான். ரெண்டு விசயம். ஒண்ணு, அப்பா போயிட்டாரு. ரெண்டு, நான் அவரப் பாக்கணும்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ரெண்டும் வந்துச்சு" என்று பதில் போட்டுவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லயத்து வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் பெட்டி. உள்ளே அவர் வெள்ளை வேட்டியில் சின்ன ஆளாகக் கிடந்தார். சாவுக்காகத் தோட்டத்தில் அன்றைக்கு வேலையை நிறுத்தியிருந்தார்கள், எல்லோரும் அங்கேதான். மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. குழி இருக்கிற மேட்டுக்குப் போகிற பாதை மழை விழுந்தால் சேறு. அதனால் அவசரம்.

கலாவுக்குப் பேச வழி இல்லை. அந்த வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள், சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு எழுத மட்டும்தான் முடியும். இந்தப் பக்கத்துப் படத்தை அவள் பார்க்கலாம், அவள் முகம் எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நேரடிப் படத்துக்குப் போடுகிற ஹெடர் ரொம்பச் சின்னது. எந்தத் துண்டு போய்ச் சேர்ந்தது என்று யாரும் பதில் போடுவதில்லை, விழுந்ததை யாரும் திரும்ப அனுப்புவதும் இல்லை. திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால் படம் பின்தங்கிப் போய்விடும்.

"போனது போனதுதான்னு விட்டுர்ற ரகம் தம்பி இது. அரிசி விழுற நேரம் பாத்து படம் நின்னுச்சுன்னா?" என்றார். படம் பிடித்து வைத்து அனுப்புகிறேன், கொஞ்சம் தாமதமானாலும் ஒன்றும் குறையாமல் வரும் என்று கலாவுக்கு எழுதினார்.

கலாவிடமிருந்து உடனே பதில். "வேணாம்க்கா. தூக்கினதுக்கப்புறம் வர்ற படத்த வெச்சு நான் என்ன செய்யிறது. அவரு வீட்ல இருக்கையிலேயே பாக்கணும்."

அக்கா அதை எனக்குக் காட்டினார். பிறகு, "சரி, அப்ப பதில நாமளே வாங்குவோம்," என்றார்.

நான் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பிவிட்டு இறங்கி வந்தேன். அக்கா போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குத் தலைமாட்டில் நின்றார். சொந்தக்காரப் பொம்பளைகள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். கலாவின் தங்கச்சி தன் பங்கைப் போட்டாள். பிறகு இன்னொரு பிடி எடுத்து, "அப்பா, இது கலாக்காவோடது," என்று சொல்லி அழுதுகொண்டே போட்டாள். சரியாக அந்த நேரத்தில் அக்காவின் போனில் சிக்னல் தடுமாறி, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. அதற்குள் அரிசி விழுந்து முடிந்திருந்தது.

"கலா, நான்தான். ஒரு விசயம். ஒன் அரிசி விழுந்துச்சு. வந்துச்சா?" என்று எழுதினார்.

பதில் இல்லை. திரும்ப எழுதினார். பதில் இல்லை. நான் அவருக்குக் குடை பிடித்தேன், தூறல் ஆரம்பித்து இஸ்தோப்புக்குள் சாரல் அடித்தது. அவர் காலைத் தட்டிக்கொண்டே நின்றார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் இடையில் தப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஆட்கள் பெட்டி மூடியை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"இருங்க," என்றார் அக்கா. போய் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் முன்னால் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையிலிருந்து நின்ற களைப்பு. "என்னாம்மா இது? மழ கட்டிக்கிட்டு வருது. மேட்டுப் பாதையில பெட்டியோட எவனாச்சும் வழுக்கி விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

"பதில்தான் தலைவரே வரல. கலாவுக்குப் போய்ச் சேந்துச்சான்னு தெரியல."

"டிவி மாதிரி காட்டுனீங்களே. பாத்திருக்கும்."

"பாத்திருக்கும்னு நீங்க சொல்றீங்க. பாத்தேன்னு அவ சொல்லல. வரலைன்னா திரும்பப் போடணும்."

கூட்டத்தில் சலசலப்பு. "போட்ட வாய்க்கரிசியத் திரும்பப் போடுற வழக்கம் எங்கம்மா இருக்கு?" என்று யாரோ ஒரு பெரியவர் கத்தினார். யார் இந்தப் பொம்பளை, எந்த ஊர், இவளுக்கு என்ன உரிமை என்று பின்னாலிருந்து வெளித்தோட்டத்து உறவுக்காரர்களின் குரல்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வேன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா அந்தப் பெரியவரைப் பார்த்துத்தான் சொன்னார். "ஐயா, ரெண்டு தடவ வந்தா அவ ஒண்ணத் தள்ளிட்டுப் போயிருவா. ஒரு தடவகூட வரலைன்னா அத எங்கய்யா போய்த் தேடுவா? இன்னும் எத்தன வருசம் அங்க கெடக்கப்போறாளோ."

கலாவின் தங்கச்சி அரிசித் தட்டைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். தலைவர் வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா. ஒரு தடவ கேளுங்க. வந்துச்சுன்னு சொன்னா அந்த நிமிசமே தூக்கிருவோம். வரலைன்னு சொன்னா இன்னொருவாட்டி போட்டுட்டுத் தூக்குவோம். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

அக்கா எழுதினார். தூறல் கனத்து, கூரைத் தகரத்தில் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கால் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

போன் அதிர்ந்தது. குடை பிடித்திருந்ததால் எனக்கும் திரை தெரிந்தது.

"வந்துச்சுக்கா. மொதத் தடவயே பாத்துட்டேன். வந்துச்சுன்னு சொன்னா அப்பாவத் தூக்கிருவாங்கல்ல, அதான் சொல்லல."

அக்காவின் கால் நின்றது. அவர் அதைத் திரும்பவும் ஒருமுறை படித்தார். வந்ததை வந்தது என்றும், வராததை வரவில்லை என்றும் தவிர, அவர் வாயிலிருந்து வேறெதையும் நான் கேட்டதில்லை. தொழிலில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

"என்னம்மா சொல்லுது? வந்துச்சாமா?" என்று கேட்டார் தலைவர்.

அக்கா கட்டைவிரலால் திரையை மறைத்துக்கொண்டார்.

"வரலையாம் தலைவரே," என்றார். பிறகு போனைக் கலா அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தங்கச்சியிடம் சொன்னார், "மெதுவாப் போடும்மா. அவசரமே இல்ல."